லென்ஸின் தலையெழுத்து

ஏஎஃப்-எஸ் விஆர் ஜூம்-நிக்கோர் 70-300 மி.மீ. எஃப்/4.5-5.6 ஜி ஐஎஃப்-ஈடி.

மூச்சு விடாம ஒரு தடவை சொல்லிப் பாருங்க. நாலு ஊர்ல படிச்ச டாக்டர் வீட்டு வாசல் போர்டு மாதிரி இல்ல? இது 2006ல் நிக்கான் வெளியிட்ட ஒரு டெலிஃபோட்டோ ஜூம் லென்ஸோட முழுப்பேரு. அதுக்கு ஒரு வருசம் முன்னாடி அதே வேலைக்கு கேனன் கொண்டு வந்த லென்ஸுக்குப் பேரு: ஈஎஃப் 70-300 மி.மீ. எஃப்/4-5.6 ஐஎஸ் யுஎஸ்எம். அம்புட்டுதான்.

ரெண்டுமே தூரத்துல இருக்கறதைக் கிட்டக் கொண்டு வர்ற குழாய். ரெண்டுலயும் மோட்டார் இருக்கு. ரெண்டுலயும் கை நடுக்கத்தைச் சமாளிக்கிற வித்தை இருக்கு. அப்புறம் ஏன் ஒருத்தருக்கு மட்டும் இவ்வளவு வால்? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போனா 1959, 1987 ரெண்டு வருசத்துலயும் போய் நிக்க வேண்டியிருக்கு. வெட்டி ஆராய்ச்சி மாதிரி தெரியும். ஆனா எல்லாரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறிட்டு இருக்கிறதால பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸெல்லாம் செகண்ட் ஹேண்டுல வெளிய வருது. அதுல ஒண்ணை வாங்கும்போது பேர்ல ஒரு எழுத்தைக் கவனிக்காம விட்டா, வீட்டுக்கு வந்து மாட்டினதும் ஃபோகஸே ஆகாது. ஒரு எழுத்து, சில ஆயிரம் ரூபாய்.

முதல்ல எண்களை முடிச்சிடுவோம். அது சுலபம்.

70-300 மி.மீ.ங்கிறது குவியத் தூரம். பெரிசாக ஆகப் பார்வை குறுகும், பொருள் பெரிசாத் தெரியும். 300ங்கிற எண் லென்ஸோட சொத்து, எந்த கேமராவுல மாட்டினாலும் அது மாறாது. ஆனா நம்மள்ல முக்கால்வாசிப் பேர் வச்சிருக்கிற சின்ன சென்சார் கேமரா, படத்தோட நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்குது. அதனால நிக்கான்ல 1.5 மடங்கு, கேனன்ல 1.6 மடங்கு. 300 மி.மீ. அங்க 450, 480 மாதிரி தெரியும். பறவை பிடிக்கிறவங்களுக்கு இது ஓசில கிடைச்ச லாபம்.

எஃப்/5.6ங்கிறது ஒரு வகுத்தல் கணக்கு. குவியத் தூரத்தை ஒளி நுழையற ஓட்டையோட விட்டத்தால வகுத்தா வர்ற எண். 300ஐ 5.6ஆல வகுத்தா 53 மி.மீ. சொச்சம். அதே 300 மி.மீ.ல எஃப்/2.8 வேணும்னா 107 மி.மீ. அகலம் வேணும், சின்ன சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கண்ணாடி. விலை ஏன் அப்படி எகிறுதுன்னு கேக்கறவங்களுக்கு இந்த ஒரு கணக்கே போதும். 4-5.6ன்னு ரெண்டு எண் இருந்தா, 70ல 4, ஜூம் பண்ணிக்கிட்டே 300க்குப் போனா 5.6ன்னு அர்த்தம். எஃப்/2.8ன்னு ஒரே எண் இருந்தா கடைசி வரைக்கும் அதே ஓட்டை. 2.8க்கும் 5.6க்கும் நடுவுல வெளிச்சம் நாலு மடங்கு வித்தியாசம்.

இந்த எஃப் எண் சும்மா ஜெயிக்கல. 1881ல் பிரிட்டன்ல இருந்த ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி வேற ஒரு முறையைச் சிபாரிசு பண்ணுச்சு. அதுக்குப் பேரு யு.எஸ். அமெரிக்கான்னு நினைச்சுடாதீங்க, யூனிஃபார்ம் சிஸ்டம். அதுல எஃப்/4க்கு 1, எஃப்/5.6க்கு 2, எஃப்/8க்கு 4. அதாவது எண் ரெட்டிப்பானா எக்ஸ்போஷர் நேரமும் ரெட்டிப்பு. யோசிச்சுப் பாத்தா நம்ம மூளைக்கு இதுதான் லேசு, 1.4, 2.8, 5.6ன்னு வர்க்கமூலத்தைக் கட்டிக்கிட்டு அழ வேண்டாம். கோடக் கேமராக்கள்ல 1920கள் வரைக்கும் இந்த எண்கள் இருந்தது. பழைய பாக்ஸ் கேமரா யார் வீட்டுப் பரண்லயாவது கிடைச்சா அதுல 4ன்னு இருக்கிறது எஃப்/4 இல்ல, எஃப்/8ஆ இருக்கலாம். நல்ல முறை தோத்துப் போச்சு, பழகின முறை ஜெயிச்சது. சாஃப்ட்வேர்ல பொட்டி தட்டற நமக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல :-)

டெலிஃபோட்டோங்கிற வார்த்தையையும் நாம தப்பாத்தான் புழங்கறோம். தூரத்துல இருக்கறதை எடுக்கிற லென்ஸ் எல்லாம் டெலிஃபோட்டோ கிடையாது. முன்னாடி ஒளியைக் குவிக்கிற கண்ணாடித் தொகுதி, பின்னாடி ஒளியை விரிக்கிற தொகுதின்னு அமைச்சு, குழாயோட நீளத்தைக் குவியத் தூரத்தை விடக் கம்மியாக்கினாதான் அது டெலிஃபோட்டோ. 1891ல் லண்டன்ல டால்மெயர், பெர்லின்ல மீத்தே, மியூனிக்ல ஸ்டைன்ஹைல்னு மூணு பேர் ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தம் இல்லாம இதையே செஞ்சாங்க. இவங்க இல்லேன்னா 300 மி.மீ. லென்ஸ்னா ஒரு அடி நீளத்துக்கு முருங்கைக்காய் மாதிரி நீட்டிக்கிட்டு இருந்திருக்கும்.

சரி, எழுத்துகளுக்கு வருவோம். ஆதியில எழுத்தெல்லாம் கிடையாது, பேருதான். ஜெர்மனியில சைஸ் கம்பெனி 1902ல் கொண்டு வந்த லென்ஸ் டெஸ்ஸார். கிரேக்கத்துல நாலுன்னு அர்த்தம், உள்ள நாலு கண்ணாடி. லைக்கா லென்ஸ்களை வடிவமைச்ச மாக்ஸ் பெரெக் இன்னும் ஒரு படி மேல போய், ஒரு லென்ஸுக்கு ஹெக்டர்னு தன் நாய் பேரை வச்சார். ஜப்பான்ல பென்டாக்ஸோட டாகுமார் லென்ஸ், கம்பெனி ஆரம்பிச்சவரோட சகோதரர் டாகுமா கஜிவாரா பேரு. டாம்ரான்னு நாம சொல்றதும் தமுரான்னு ஒரு வடிவமைப்பாளர் பேர்ல இருந்து வந்ததுதான். எனக்கு இந்தக் காலம் ரொம்பப் பிடிக்கும். சாமானுக்குப் பேர் வைக்கிறதுல ஒரு மனுசத்தனம் இருந்தது.

நிக்கான்தான் (அப்ப நிப்பான் கோகாகு) இதுல ஒழுங்கைக் கொண்டு வந்தது. நிக்கோர்ங்கிற பேருக்குப் பின்னாடி ஒரு எழுத்து: டி-ன்னா மூணு கண்ணாடி, க்யூ-ன்னா நாலு, பி-ன்னா அஞ்சு, ஹெச்-ன்னா ஆறு, எஸ்-ன்னா ஏழு, ஓ-ன்னா எட்டு. லத்தீனும் கிரேக்கமும் கலந்து கட்டின எண்ணுப்பேர்களோட முதல் எழுத்து. நிக்கோர்-பி 10.5 செ.மீ.ன்னு பழைய லென்ஸ் கண்ணுல பட்டா, உள்ள அஞ்சு கண்ணாடின்னு திறந்து பாக்காமலே சொல்லலாம். ஆமா, செ.மீ.தான். அப்ப மில்லிமீட்டர்ல எழுதற வழக்கம் அவங்களுக்கு வரல. இந்த எழுத்துமுறை 1970கள் வரைக்கும் ஓடுச்சு. அப்புறம் கண்ணாடிகளோட எண்ணிக்கை எகிறவும் முறையைக் கை கழுவிட்டாங்க.

எண்ணிக்கை எகிறினதுக்குக் காரணம் ஜூம். ஒரே லென்ஸ்ல குவியத் தூரத்தை மாத்தணும்னா உள்ள ரெண்டு மூணு தொகுதி தனித்தனியா நகரணும். நகர்ற ஒவ்வொரு இடத்துலயும் படம் தெளிவா இருக்கணும். ஒளிக்கதிர் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பரப்புலயும் எவ்வளவு வளையுதுன்னு கணக்குப் போட்டாகணும். 1950கள்ல இதை ஒரு பட்டாளமே உக்காந்து மடக்கை அட்டவணையை வச்சுக் கையால போட்டுக்கிட்டு இருந்தது. இங்க நம்ம தொழில்காரங்க தெரிஞ்சுக்க வேண்டிய ஒரு சேதி இருக்கு. ஜப்பான்ல ஓடின முதல் மின்னணுக் கணினி எதுக்காகக் கட்டினது தெரியுமா? ராணுவத்துக்கோ ராக்கெட்டுக்கோ இல்ல, லென்ஸ் கணக்குக்கு. ஃபூஜி ஃபிலிம் கம்பெனியில ஒகசாகி பூன்ஜிங்கிற ஒத்தை மனுசன் 1949ல் ஆரம்பிச்சு, 1,700 வால்வுகளைக் கோத்து, 1956 மார்ச்ல முடிச்சார். பேரு ஃபூஜிக். மனுசனை விட ஆயிரம் மடங்கு வேகம் வேணும்னுதான் கிளம்பினார், ரெண்டாயிரம் மடங்கு கிடைச்சது. ஏழு வருசம், ஒரே டெவலப்பர், எதிர்பார்த்ததை விட ரெண்டு மடங்கு பெர்ஃபார்மன்ஸ். எந்த மேனேஜர்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டார்.

1959ல் ஸ்டில் கேமராவுக்கு ஜூம் வந்துடுச்சு. 35 மி.மீ. கேமராவுக்கான முதல் ஜூம், ஃபோய்க்ட்லெண்டர் ஜூமார் 36-82 மி.மீ. எஃப்/2.8. செஞ்சது ஆஸ்திரியாவுல பொறந்து நியூயார்க்ல பொழைச்ச ஃபிராங்க் பேக். அதே வருசம் நிக்கான் தன்னோட எஃப் கேமராவை வெளியிட்டது. கூடவே ஒரு டெலிஃபோட்டோ ஜூம்: 8.5-25 செ.மீ. எஃப்/4-4.5. இன்னிக்கு நாம 70-300ன்னு அலையற சாமானுக்குப் பாட்டி இவங்கதான்.

நிக்கான் எஃப் கேமராவோட சேர்ந்து பொறந்த இன்னொண்ணு, எஃப் மவுண்ட். லென்ஸ் மாட்டற வாய். 44 மி.மீ. அகலம், அங்கிருந்து ஃபிலிமுக்கு 46.5 மி.மீ. தூரம். இந்த ரெண்டு எண்ணை நிக்கான் அதுக்கப்புறம் மாத்தவே இல்ல. அறுபது வருசம் கழிச்சு வந்த டிஎஸ்எல்ஆர்லயும் அதே வாய்தான். நம்ம பாஷையில பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டி.

வாய் மாறல, ஆனா வாய்க்குள்ள என்னென்னமோ மாறுச்சு. 1959ல் கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவுல பேச்சுவார்த்தையே கம்மி. அப்புறம் கேமராவுக்குள்ள லைட் மீட்டர் வந்தது. லென்ஸோட அதிகபட்ச ஓட்டை எவ்வளவுன்னு மீட்டருக்குத் தெரியணும். யார் சொல்றது? லென்ஸ் மேல முயல் காது மாதிரி ஒரு கொக்கியைப் பொருத்தி, லென்ஸை மாட்டினதும் அபர்ச்சர் வளையத்தை அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் ஒரு தடவை திருப்பணும்னு வச்சாங்க. அந்தச் சத்தத்தை வச்சு ஜப்பான்காரங்க இதுக்கு கச்சா-கச்சான்னே பேர் வச்சிட்டாங்க. 1977ல் இந்தத் தொல்லை போய் ஏஐ வந்தது. (செயற்கை நுண்ணறிவு இல்லீங்க. ஓட்டை அளவைத் தானாகத் தெரிவிக்கிற முறை. அப்பவே ஏஐ!) அப்புறம் ஏஐ-எஸ். ஒவ்வொரு தடவையும் பழைய வாயிலயே புதுசா ஒரு நெம்புகோலைச் சொருகிட்டுப் பேர்ல ஒரு எழுத்தை ஒட்டிடுவாங்க.

1985ல் மினோல்டா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. ஆட்டோஃபோகஸ் முழுசும் கேமராவுக்குள்ளயே இருக்கிற மினோல்டா 7000. சந்தையைத் தலைகீழாப் புரட்டிடுச்சு. அமெரிக்காவுல அதுக்கு மேக்ஸம்னு பேர். ரெண்டு எக்ஸ் எழுத்தைப் பின்னிப் போட்டதுக்கு எக்ஸான் எண்ணெய்க் கம்பெனி சண்டைக்கு வந்து எழுத்தை மாத்த வச்சது ஒரு கிளைக்கதை. ஆட்டோஃபோகஸ் காப்புரிமைக்காக ஹனிவெல் வழக்குப் போட்டு, 1992ல் மினோல்டா 12 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்தது அதை விடப் பெரிய சோகக்கதை. 2006ல் அந்த கேமரா தொழிலே சோனி கைக்குப் போயிடுச்சு.

மினோல்டாவைப் பாத்து நிக்கானும் கேனனும் பதறினாங்க. பதறி ரெண்டு பேரும் எதிரெதிர் திசையில ஓடினாங்க. நம்ம கதையோட கரு இதுதான்.

நிக்கான் 1986ல் எஃப்-501ஐக் கொண்டு வந்தது. அதே பழைய வாய். மோட்டாரைக் கேமரா உடம்புக்குள்ள வச்சு, திருப்புளி முனை மாதிரி ஒரு நாக்கை வாய் வழியா நீட்டி, லென்ஸ்ல இருக்கிற திருகைத் திருகினாங்க. இந்த லென்ஸ்களுக்குப் பேரு ஏஎஃப். பழைய லென்ஸ் வச்சிருந்தவங்க யாரும் தெருவுக்கு வரல.

கேனன் என்ன செஞ்சது? 1971ல் இருந்து எஃப்டி மவுண்டை வச்சுக் கடை நடத்திக்கிட்டு இருந்தவங்க, 1987 மார்ச்ல அதை அப்படியே குப்பையில போட்டாங்க. புதுசா ஈஎஃப் மவுண்ட், 54 மி.மீ. அகலம். நெம்புகோல், கொக்கி, திருப்புளி ஒரு மண்ணும் கிடையாது. வெறும் மின்தொடர்பு. ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ள, அபர்ச்சரை மூடற மோட்டாரும் லென்ஸுக்குள்ள. கேமரா செய்தி அனுப்பும், லென்ஸ் கேட்டு நடக்கும். எஃப்டி லென்ஸ் வாங்கிக் குவிச்சிருந்தவங்க கதி? அதோகதி. எஃப்டி மவுண்ட்டோட தூரம் 42, ஈஎஃப்புக்கு 44 மி.மீ. அந்த ரெண்டு மி.மீ. குறுக்க நின்னதால நடுவுல கண்ணாடி வைக்காத அடாப்டர் செஞ்சா தூரத்துல ஃபோகஸ் ஆகாது. கோபத்துல கேனனை விட்டே போனவங்க உண்டு. வாங்கின வாடிக்கையாளரை நட்டாத்துல விட்ட துரோகம்னு அன்னிக்குச் சொன்னவங்களை நான் தப்பே சொல்ல மாட்டேன்.

ஆனா அதே 1987 கடைசியில கேனன் யுஎஸ்எம்ங்கிற மீயொலி மோட்டார் வச்ச 300 மி.மீ. எஃப்/2.8 எல் லென்ஸைக் கொண்டு வந்தது. சத்தமே இல்லாம சர்ருன்னு ஃபோகஸ். உள்ள இருந்த ஃப்ளூரைட் படிகம் சூட்டுல விரியும்ங்கிறதால குழாய்க்கு வெள்ளை பெயின்ட். 1990கள்ல விளையாட்டு மைதான ஓரத்தை அந்த வெள்ளைக் குழாய்கள் பிடிச்சுக்கிச்சு. பெரிய லென்ஸுக்குள்ள அதுக்கேத்த மோட்டாரை வைக்கிறதா, இல்ல கேமராவுல இருந்து திருப்புளியால திருகறதா? எது வேகம்னு பொறியியல் படிக்காதவங்களுக்கும் தெரியும்.

நிக்கானுக்கும் தெரிஞ்சது. அதுக்கப்புறம் நடந்ததுதான் எழுத்து மழை. 1992ல் பொருள் எவ்வளவு தூரம்னு சொல்ற சிப்பை வச்சு டி. அதே வருசம் மோட்டாரை லென்ஸுக்குள்ள வச்சு ஏஎஃப்-ஐ. 1996ல் மீயொலி மோட்டார், ஏஎஃப்-எஸ். 2000 வாக்குல அபர்ச்சர் வளையத்தையே எடுத்துட்டு ஜி. 2008ல் அபர்ச்சரை மின்சாரத்தால மூடற ஈ. கேனன் 1987ல் ஒரே நாள்ல செஞ்சதை நிக்கான் 21 வருசமாத் தவணை முறையில செஞ்சது. அதுலயும் 1979ல் மலிவு லென்ஸ்களுக்கு சீரிஸ் ஈ-ன்னு ஏற்கனவே ஒரு தடவை அந்த எழுத்தைச் செலவழிச்சாச்சு! 2016ல் வந்த ஸ்டெப்பிங் மோட்டார் லென்ஸ்களுக்கு ஏஎஃப்-பி. அம்பது வருசம் முன்னாடி அஞ்சு கண்ணாடின்னா பி. எழுத்துப் பஞ்சம்.

ஆக, நீளப்பேருக்கான பதில் இதுதான். கேனன் லென்ஸ்ல எழுத்துகள் பெரும்பாலும் தரத்தையும் வசதியையும் சொல்லுது. நிக்கான் லென்ஸ்ல எழுத்துகள் எந்தக் கேமராவோட ஒத்துப்போகும்னு சொல்லுது. பழசை வெட்டி விடாதவன் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் கணக்கு வச்சாகணும்.

அந்தக் கணக்கு எங்க உதைக்கும்னு சொல்றேன். 2006ல் நிக்கான் டி40ங்கிற சின்ன கேமராவுல திருப்புளி மோட்டாரை எடுத்துட்டாங்க. டி60, டி3000 வரிசை, டி5000 வரிசை எதுலயும் அது கிடையாது. நம்ம ஆளுங்க வாங்கினது பெரும்பாலும் இந்த வரிசைகள்தான். ஆபீஸ்ல என் பக்கத்து சீட் நண்பர் டி3200 வச்சிருக்கார். செகண்ட் ஹேண்டுல ஒரு 70-300 வாங்கினார். பளபளன்னு புதுசு மாதிரி இருந்தது. பேரு: ஏஎஃப் நிக்கோர் 70-300 மி.மீ. எஃப்/4-5.6 ஜி. ஏஎஃப்-எஸ் இல்ல, வெறும் ஏஎஃப். மாட்டினா, படம் தெரியுது, மீட்டர் வேலை செய்யுது, ஃபோகஸ் மட்டும் அசைய மாட்டேங்குது. லென்ஸ் கெட்டுப்போச்சுன்னு விற்றவர்கிட்ட சண்டைக்குப் போனார். அவர் பாவம், தன்னோட டி90ல மாட்டிக் காட்டினார், சும்மா பிச்சுக்கிட்டு ஓடுது. லென்ஸ் நல்ல லென்ஸ், கேமரா நல்ல கேமரா, நடுவுல ஒரு எஸ் எழுத்தைக் காணோம். நண்பர் இப்ப கையால ஃபோகஸ் பண்ணிக் கோயில் கோபுரமா எடுத்துத் தள்றார். கோபுரம் நகராதுல்ல.

தலைகீழாவும் உதைக்கும். புது ஏஎஃப்-பி லென்ஸை டி40, டி80, டி90, டி3000 மாதிரி பழைய கேமராவுல மாட்டினா ஃபோகஸ் ஆகாது. கையால திருகினாலும் ஆகாது, ஏன்னா வளையமே மின்சாரத்துலதான் வேலை செய்யுது. ஈ லென்ஸை 2007க்கு முந்தின கேமராவுல மாட்டினா அபர்ச்சர் மூடாது. ஒரே வாய், ஆனா உள்ள நுழைஞ்சதெல்லாம் ஜீரணம் ஆகும்னு சொல்ல முடியாது. வேடிக்கை என்னன்னா, ஆட்டோஃபோகஸ் லென்ஸுக்கே மோட்டார் இல்லாத டி40ல, 1960கள்ல வந்த முயல் காது லென்ஸை ஆபத்தில்லாம மாட்டலாம். பெரிய கேமராக்கள்ல மாட்டினா உள்ள இருக்கிற ஏஐ நெம்புகோல் உடையும்.

2018ல் கணக்கு முடிஞ்சது. ரெண்டு கம்பெனியும் மிரர்லெஸ்ஸுக்கு மாறி, புது வாய் செஞ்சாங்க: நிக்கான் இசட், கேனன் ஆர்எஃப். அடாப்டர் போட்டா 1987ல் வந்த முதல் ஈஎஃப் லென்ஸ் கூடக் கேனன் மிரர்லெஸ்ல ஆட்டோஃபோகஸ் ஆகுது. மின்தொடர்பை நீட்டி விட்டாப் போதுமே. நிக்கானோட எஃப்டிஇசட் அடாப்டர்ல திருப்புளி மோட்டார் இல்ல. அதனால ஏஎஃப், ஏஎஃப்-டி லென்ஸெல்லாம் அங்க கையால திருகற லென்ஸ். பழசைக் காப்பாத்தினவன் கடைசியில காப்பாத்த முடியாமப் போனான், துரோகம் பண்ணினவன் முப்பத்தொரு வருச லென்ஸைக் கூட்டிக்கிட்டு வந்துட்டான். இதுல யார் பக்கம் நியாயம்னு என்னால இன்னும் தீர்ப்புச் சொல்ல முடியல. பொறியாளனா யோசிச்சா கேனன் பக்கம், காசு போட்டு வாங்கறவனா யோசிச்சா நிக்கான் பக்கம். போதாததுக்கு, குப்பையில போட்ட எஃப்டி லென்ஸெல்லாம் இப்ப மிரர்லெஸ் கேமராக்கள்ல அடாப்டர் போட்டு ஜம்முன்னு உக்காந்திருக்கு.

கேனன்காரங்களுக்குப் பொறியே இல்லைன்னு நினைக்க வேண்டாம். அங்க பொறி ரோமன் எண்ல இருக்கு. கை நடுக்கத்தைச் சமாளிக்கிற ஐஎஸ் உலகத்துலயே முதல்ல வந்த எஸ்எல்ஆர் லென்ஸ், 1995ல் கேனனோட 75-300 ஐஎஸ் யுஎஸ்எம். உள்ள இருக்கிற கைரோ சென்சார் நடுக்கத்தை அளந்து, ஒரு கண்ணாடித் தொகுதியை எதிர்ப்பக்கம் நகர்த்தும். 1999ல் வந்தது 75-300 மூணு. மூணுன்னா மூணாவது தலைமுறை, ஒசத்தியா இருக்கும்னுதானே தோணும்? அதுல ஐஎஸ் கிடையாது. மலிவு விலை கிட்டுக்காகச் செஞ்சது. ஐஎஸ் இல்லாம 300 மி.மீ.ல கையில பிடிச்சு எடுக்கணும்னா ஷட்டர் வேகம் நொடியில முந்நூத்துல ஒரு பங்கு, சின்ன சென்சார்னா ஐநூத்துல ஒரு பங்காவது வேணும். எஃப்/5.6ல சாயங்காலம் அஞ்சரை மணிக்கு அது எங்க கிடைக்கும்?

அதனால என் கட்சி இதுதான்: 300 மி.மீ. வரைக்கும் போற மலிவு லென்ஸ்ல நடுக்கத் தடுப்பு இல்லேன்னா தொடாதீங்க. அந்த வசதிக்கு நிக்கான்ல விஆர், கேனன்ல ஐஎஸ், டாம்ரான்ல விசி, சிக்மாவுல ஓஎஸ். கேனன் சின்ன சென்சார் வச்சிருந்தா ஈஎஃப்-எஸ் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம். 375 கிராம்தான், 75-300ஐ விட ஆயிரம் மடங்கு மேல். முழு சென்சார் கேமராவுல மட்டும் அது மாட்டாது, அதுக்குத்தான் அந்த -எஸ். நிக்கான் டி3400, டி5600 மாதிரி புது உடம்புன்னா ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 விஆர். விஆர்ங்கிறதை ரெண்டு தடவை படிங்க, விஆர் இல்லாத இரட்டைப் பிறவி ஒண்ணு உண்டு. டாம்ரான்லயும் ரெண்டு 70-300. டிஐ எல்டி மேக்ரோன்னு இருந்தா விட்டுடுங்க. 2010ல் வந்த எஸ்பி டிஐ விசி யுஎஸ்டி அருமையான லென்ஸ். விசி இல்லாம எஸ்பி டிஐ யுஎஸ்டின்னு மட்டும் இருந்தா அது சோனிக்காகச் செஞ்சது, அங்க நடுக்கத் தடுப்பு கேமரா உடம்புலயே இருக்கு.

70-200 எஃப்/2.8 வாங்கலாமான்னு கேட்டா, கல்யாண மண்டபத்துலயும் நாட்டிய மேடையிலயும் எடுக்கிறவங்க கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். அந்த வெளிச்சத்துல ஆள் அசையும், ஆள் அசையறதை விஆர் நிறுத்தாது, எஃப்/2.8தான் நிறுத்தும். மத்தவங்க அந்த ஒண்ணரைக் கிலோவைக் கழுத்துல மாட்டிக்கிட்டு வேகாத வெயில்ல ரெண்டு மணி நேரம் நடந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க. பறவைக்கு 200 பத்தவும் பத்தாது. நான் டி7100 வச்சிருக்கேன். கடைசியில எடுத்தது, முதல் வரியில மூச்சு முட்டச் சொன்னேனே, அந்த 70-300 விஆர்தான். 745 கிராம், 300ல கொஞ்சம் மென்மை, எஃப்/8க்கு இறக்கினா சரியாயிடும்.

செகண்ட் ஹேண்ட் பாக்கும்போது லென்ஸுக்குள்ள ஒரு பக்கத்துல இருந்து டார்ச் அடிச்சு மறுபக்கத்துல இருந்து பாருங்க. சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா ஃபங்கஸ், நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு அது சர்வ சாதாரணம், வாங்க வேண்டாம். ஃபோகஸ் ஆகும்போது மோட்டார் கீச்சுன்னு கத்துதான்னு காது கொடுத்துக் கேளுங்க, மீயொலி மோட்டார் போனா லென்ஸ் விலைக்கு ரிப்பேர் செலவு வரும். டி90, டி7000 வரிசை மாதிரி திருப்புளி மோட்டார் உள்ள உடம்பு வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு ரகசியம்: ஏஎஃப் 80-200 எஃப்/2.8 டி, ஜூமுக்கும் ஃபோகஸுக்கும் தனித்தனி வளையம் இருக்கிற வகை. விஆர் இல்ல, எஸ் இல்ல, அதனாலயே எஃப்/2.8 ஜூம்கள்ல மலிவு. மோட்டார் கேமராவுல இருக்கிறதால, லென்ஸ்ல கெட்டுப்போக மோட்டாரே கிடையாது.